மாமாவின் காலும் எட்டு சதவீதமும்

என் கம்ப்யூட்டர் கண்ணை மூடிய பிறகுதான் நானும் அண்ணியும் ஒரே அறையில் தொழில் செய்ய ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். அண்ணி வீடியோ எடிட்டர். கடை விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழா, விற்பனைக்கு நிற்கிற வீடுகளின் படம், எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவாள். நான் அவற்றுக்கு இசை போடுகிறவள். அவள் மாடியில் முன் அறை, நான் பின் அறை. "படம் முடிஞ்சாச்சு, இனி ஒரு இம்மி நகராது" என்று சத்தியம் பண்ணி பென் டிரைவைக் கையில் கொடுப்பாள். நான் மாங்கு மாங்கென்று இசை போட்டு எடுத்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு காட்சியைத் தூக்கியிருப்பாள். "சின்னதா ஒரு வெட்டுதானே, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கறியே" என்பாள். சின்னதா ஒரு வெட்டு! அதற்கு அப்புறம் என் தாளம் முழுக்க நொண்டும்.

என் கம்ப்யூட்டர் போனதும் என் இசை மென்பொருளையும் அவளுடைய கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இடது திரையில் அவளுடைய படம், வலது திரையில் என்னுடைய இசை. இரண்டையும் ஒன்றோடு ஒன்று பிணைத்துவிட்டோம். அவள் ஓட்டினால் என்னுடையதும் ஓடும், நான் நிறுத்தினால் அவளுடையதும் நிற்கும். படத்தில் கதவு சாத்துகிற அதே நொடியில் நான் முரசைக் கொண்டுபோய் வைக்கலாம். அவள் வெட்டினால் அந்த வெட்டு என் கண் முன்னால் நடக்கும், அங்கேயே சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். முதல் நாள் அதைப் பார்த்து இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம்.

"ஒரே உறையில ரெண்டு கத்தி. எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்றான் அண்ணன். அவன் பேக்கரியில் வேலை செய்கிறவன். விடியும் முன்னால் போய், மதியம் வந்து, கீழ் அறையில் படுத்துத் தூங்குவான். வாய் மட்டும் தூங்காது.

ஆனால் அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. மென்பொருள் இரண்டாக இருந்தாலும் சத்தம் வெளியே போக ஒரே ஒரு ஆடியோ பெட்டிதான். மைக்கும் அதில்தான், ஹெட்போனும் அதில்தான். ஒரு நொடிச் சத்தத்தை எத்தனை துண்டாக நறுக்குவது என்று ஒரு கணக்கு உண்டு. படக்காரர்களுக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு. பாட்டுக்காரர்கள் பாதிப் பேருக்கு, நான் உட்பட, நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். பெட்டியால் ஒரு நேரத்தில் ஒரு கணக்குக்குத்தான் வேலை செய்ய முடியும். எந்த மென்பொருள் முதலில் பிடிக்கிறதோ அதன் கணக்கு. இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் அண்ணியின் அப்பா. ஆயுசில் பாதியை லிஃப்ட் ரிப்பேரில் கழித்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். வந்த புதிதில் வீட்டில் இருக்கிற கதவு, கொண்டி, குழாய் எல்லாவற்றையும் சரி செய்தார். சரி செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் நன்றாக இருப்பதையும் கழற்ற ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கேயோ ஒரு பூங்காவில் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஷூவின் அடியில் இரும்புத் தகடு அடித்துக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டி, காலாலேயே தாளம் போட்டு ஆடுகிற ஆட்டம். ஆடியவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு வேனில் ஏறி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஊர் ஊராகப் போய் ஆடுகிற குழு.

மறுநாளே தகடு அடித்த ஷூவோடு வந்து நின்றார். எங்கள் மாடி அறையில் பலகை போட்டுப் பயிற்சி. கீழே தூங்குகிற அண்ணன், தலைக்கு மேல் குதிரை ஓடுகிறது என்று கத்தினான். மாமா அசரவில்லை. ஒருநாள் அண்ணி பொறுக்க முடியாமல், "இந்த வயசுல எதுக்குப்பா உங்களுக்கு இது?" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்:

"நீங்க எல்லாரும் என்னை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க பாப்பா. குறை சொன்னா வாய் வெந்துடும். ஆனா இந்த வீட்ல எல்லாருக்கும் போக ஒரு இடம் இருக்கு, எனக்கு இல்ல. காலையில எழுந்தா 'ஐயையோ, லேட்டாச்சே, நமக்காகக் காத்துட்டு இருப்பாங்களே'ன்னு ஓடணும். அவ்வளவுதான் எனக்கு."

அண்ணி போய் நகர்ந்திருந்த பலகையைச் சரியாகப் போட்டுக் கொடுத்தாள். நான் கழுவ வேண்டிய தட்டை எடுத்துக்கொண்டு சமையல் அறைக்குள் போய் மூக்கைச் சிந்தினேன்.

குழுவில் எப்போதாவதுதான் இடம் காலியாகும். போன வருடம் ஒன்று காலியாகி, மாமா நேரில் போய் ஆடி, நடுவில் கால் பின்னித் தடுமாறி, தோற்றுப்போய்த் திரும்பினார். இந்த வருடம் இன்னொருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். இந்த முறை வீடியோ அனுப்பினால் போதும் என்றார்கள். இசை எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் வேகம் அவர்கள் சொல்கிற வேகம். அவர்களுடைய முதல் ஆட்டத்தின் வேகம் அதுதானாம். நடுவில் வெட்டக்கூடாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் ஆட வேண்டும்.

நான் மாமாவுக்கென்றே ஒரு மெட்டுப் போட்டேன், அவர்கள் சொன்ன வேகத்தில், இம்மி பிசகாமல். பிரச்சினை என்னவென்றால் அந்த வேகத்தில் மாமாவால் ஆட முடியவில்லை. தொடங்கும்போது பிரமாதம். நடுவில் கால் மாற்றி மாற்றித் தட்டுகிற இடம் வரும், அங்கே போய்ச் சிக்கிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அதே இடம். பலகை வழுக்குகிறது என்பார், ஷூ இறுக்குகிறது என்பார், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்பார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். மாமா சிரித்தார். அண்ணிதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசி நாள் வந்துவிட்டது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பல் வலி, கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் ஓடுகிற அவசரத்தில் அண்ணிக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனேன். மாமாவின் காதில், அதே ஆடியோ பெட்டியோடு இணைந்த வயர் இல்லாத ஹெட்போன் இருக்க வேண்டும். பாட்டு அவர் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும், அறைக்குள் கேட்கக் கூடாது. தரைக்குப் பக்கத்தில் வைத்த மைக்கில் அவர் கால் சத்தம் மட்டும் சுத்தமாகப் பதிய வேண்டும். பாட்டு அவளுடைய மென்பொருளிலிருந்து ஓடும், கால் சத்தம் என்னுடையதில் பதியும். "சிவப்புப் பொத்தானை அழுத்துங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றேன். என் மென்பொருளைத் திறந்தே வைத்துவிட்டுப் போனேன்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு நான் திரும்பி வந்தால் வீடே அமர்க்களப்படுகிறது. அண்ணி மாடிப்படியிலேயே என்னைக் கட்டிப் பிடித்தாள்.

"ஆடிட்டாருடி! ஒரு தப்பு இல்ல! முதல் தடவையே! அந்த இடம் வந்துச்சு பாரு, நான் கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா ஆள் அதைத் தாண்டிப் போய்ட்டாரு!"

மாமா கீழே அண்ணனை எழுப்பி உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்னமோ தெரியலப்பா, காலு தானா வருது. நான் ஆடவே இல்ல, அதுவே ஆடுது." அண்ணன் பாதிக் கண்ணைத் திறந்து, "அப்படியா மாமா, அப்படியா மாமா" என்று தலையாட்டினான்.

எனக்குப் பேச வரவில்லை, ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தேன். படத்தை வைத்து, அதன் மேல் கால் சத்தத்தை வைத்தேன். தொடக்கத்தில் மாமா தட்டிய கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்தினால் அச்சாகப் பொருந்தியது. அதன் கீழே என் பாட்டை வைத்து ஓட்டினேன்.

முதல் சில அடிகள் சரியாக இருந்தன. பிறகு கால் கொஞ்சம் பிந்தியது. பிறகு நன்றாகப் பிந்தியது. பிறகு கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாட்டு முடிந்துவிட்டது. திரையில் மாமா இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தாளம் தப்பிட்டாரா?" என்றாள் அண்ணி.

இல்லை. மறுபடி மறுபடி கேட்டேன். கால் அடி ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. தாளம் தப்பினால் ஒரு இடத்தில் முந்தும், ஒரு இடத்தில் பிந்தும். இது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவாகப் பிந்துகிறது. அளந்து பார்த்தேன். எட்டு சதவீதம். அது எனக்குத் தெரிந்த எண், நாற்பத்தெட்டுக்கும் நாற்பத்து நாலுக்கும் உள்ள வித்தியாசம். ஆடியோ பெட்டியின் சின்ன ஜன்னலைப் பார்த்தேன். நாற்பத்து நாலு என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. திறந்தே கிடந்த என் மென்பொருள் பெட்டியை முதலில் பிடித்துக்கொள்ள, அண்ணிக்காக நாற்பத்தெட்டுக் கணக்கில் நறுக்கிக் கொடுத்த பாட்டு நாற்பத்து நாலு கணக்கில் ஓடியிருக்கிறது. மாமாவின் காதில் என் பாட்டு எட்டு சதவீதம் மெதுவாக, சளி பிடித்த குரல் மாதிரி அடித் தொண்டையில் ஒலித்திருக்கிறது. அறையில் சத்தம் இல்லாததால் அண்ணிக்குத் தெரியவில்லை. மாமாவுக்குச் சுருதியெல்லாம் தெரியாது, கால் தானாக வந்தது மட்டும்தான் தெரிந்தது.

"நீ உன்னோடதைத் திறந்து வெச்சுட்டுப் போனே!" என்றாள் அண்ணி.

"நீங்க பாட்டை ஒரு தடவை உங்க காதுல வெச்சுக் கேட்டீங்களா?" என்று பஞ்சுக்குள்ளிருந்து குழறினேன்.

"நீதானே வேற எதையும் தொடாதேன்னு சொன்னே!"

"நான் சொன்னதை எல்லாம் என்னைக்கு நீங்க கேட்டிருக்கீங்க, இன்னைக்கு மட்டும் கேக்கறதுக்கு?"

அப்படியே உட்கார்ந்துவிட்டோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மறுபடி எடுக்கலாம் என்றால், சரியான வேகத்தில் அவருக்கு வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கீழே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணிதான் முதலில் சொன்னாள், என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே. "படத்தைக் கொஞ்சம் இழுத்து விட்டா?"

எனக்குப் புரிந்தது. படத்தின் வேகத்தைக் கூட்டினால் போதும். கொஞ்சம்தான். யார் கண்ணுக்கும் தெரியாது. கால் சத்தத்தை நான் அதே அளவு வேகமாக்கி, சத்தம் கீச்சென்று போகாமல் பிடித்துக்கொண்டால் சரி. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு அந்த வேன் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது.

அவள் இடது திரையில் இழுத்தாள், நான் வலது திரையில் இழுத்தேன். ஓட்டினோம். அடடா, அப்படி ஒரு பொருத்தம்! ஒவ்வொரு அடியும் என் முரசின் மேல் போய் உட்கார்ந்தது. கால் மாற்றுகிற அந்த இடத்தில் மாமா மின்னலாகப் பறந்தார். எங்கள் இரண்டு மென்பொருளும் அன்றைக்கு இருந்த மாதிரி ஒற்றுமையாக என்றைக்குமே இருந்ததில்லை. அதைப் பார்த்து ரசிக்கவும் செய்தோம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் மாமா படியேறி வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா? எங்க, காட்டுங்க பாப்போம்."

அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். வாயை மூடு என்று அர்த்தம். எனக்கு எதுவும் வாயில் தங்காது என்று அவளுக்குத் தெரியும். பஞ்சு இருந்தது அன்றைக்கு அவளுடைய அதிர்ஷ்டம்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல். "யப்பா! நானா இது?" என்றார். கண் கலங்கிவிட்டது. முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு பாப்பா" என்றார். போட்டாள்.

இரண்டாவது தடவை அவருக்குச் சும்மா உட்கார முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடியே, வெறுங்காலால், திரையில் ஆடுகிற தன்னோடு சேர்ந்து தரையில் தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் சேர்ந்து போனார். பிறகு திரையில் இருந்த மாமா முந்தினார். நாற்காலியில் இருந்த மாமா துரத்தினார். கால் மாற்றுகிற இடம் வந்தது. திரையில் இருந்தவர் அநாயாசமாகத் தாண்டிப் போனார். நாற்காலியில் இருந்தவரின் கால் சிக்கி நின்றுவிட்டது.

"மறுபடி போடு" என்றார்.

மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில நான் ஆடினதுதானே இது? என்னாலயே என்னைப் பிடிக்க முடியலையே?"

அண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். எத்தனை நேரம் மறைப்பது? பெட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நானும் பஞ்சை எடுத்துவிட்டு என் பங்குக்குச் சொன்னேன். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப காலையில நான் ஆடினது, அவங்க கேட்ட ஆட்டம் இல்ல."

"இல்லப்பா."

"அதை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவங்க கேட்ட ஆட்டமா ஆக்கிட்டீங்க."

"உங்களுக்காகத்தான்ப்பா..."

"எனக்காகவா?" மாமா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "இதைப் பாத்து அவங்க என்னை எடுத்துப்பாங்க. வேன்ல ஏத்திப்பாங்க. மேடையில நிப்பாட்டுவாங்க. அங்க நான் என்ன பண்ணுவேன்? நீ கூடவே வந்து என் காலைப் பிடிச்சு இழுத்து விடுவியா? நான் லிஃப்ட் பாத்தவன் பாப்பா. மூணாவது மாடியில நிக்கிற பெட்டியை நாலுன்னு காட்டினா, கதவைத் திறக்கிறவன் எங்க விழுவான்?"

எழுந்து கீழே போய்விட்டார். அவருடைய அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணி மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். பல் பிடுங்கின இடம் வேறு விண் விண்ணென்று தெறித்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் தகடு சத்தம் கேட்டது. ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தலை வாரியிருந்தார்.

"அந்த இழுத்துவிட்டதை அழிச்சாச்சா?"

"இதோப்பா" என்று அண்ணி அவசரமாக அழித்தாள்.

"காலையில எடுத்தது அப்படியே இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதையே அனுப்பு. முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசறேன், அதையும் சேத்து அனுப்பு. என்னைப் படம் எடு."

"எடுத்துக்க மாட்டாங்கப்பா."

"எடுத்துக்காட்டி போறாங்க. என் காலு எவ்வளவு தூரம் போகும்னு இப்பத்தான் எனக்கே தெரிஞ்சிருக்கு. அதை எதுக்கு மறைக்கணும்?"

கேமரா முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். "வணக்கம். இது நீங்க சொன்ன வேகம் இல்ல. என் வேகம். நீங்க சொன்ன வேகத்துல போனா நான் ஆட மாட்டேன், ஓடுவேன். விழவும் விழுவேன், போன வருஷம் நீங்களே பாத்தீங்க. இந்த வேகத்துல உங்களுக்கு ஏதாவது ஆட்டம் இருந்தா கூப்பிடுங்க. நன்றி." அவ்வளவுதான். ஒரே தடவையில் பேசி முடித்தார்.

நான் பாட்டைச் சும்மா இழுத்து மெதுவாக்கவில்லை. அது எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய வேகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாமாவின் காலைக் கேட்டுக் கேட்டு, அவர் அடி விழுகிற இடத்தில் என் அடியை வைத்து, முழுப் பாட்டையும் புதிதாக வாசித்தேன். இரண்டு அடிகளுக்கு நடுவில் இப்போது கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அவர் குதிகாலை லேசாக உரசுகிற ஒரு சத்தம் இருந்தது. இத்தனை மாதப் பயிற்சியில் அதை நான் கேட்டதே இல்லை, வேகத்தில் காணாமல் போயிருந்தது. அந்த உரசல் கேட்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வாத்தியங்களைக் குறைத்தேன். பக்கத்தில் அண்ணி ஒரு வெட்டும் வெட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிட்டோம்.

அப்புறம் சில நாள் குழுவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா குளியல் அறைக் கதவின் நல்ல கொண்டியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அண்ணன்கூட மேலே சத்தமே இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று புலம்பினான்.

ஒரு காலையில் போன் வந்தது. குழுத் தலைவி. எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் மாமா அவருக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருந்தார். "நேர்ல வாங்க. அந்தப் பாட்டையும் கொண்டு வாங்க. அதை எடுத்த பொண்ணுங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மாமாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. "திட்டறதுக்கு எதுக்குப் பாட்டு?" என்றார்.

அது ஒரு பெரிய கூடம். மரத்தரை. சுவர் ஓரமாக ஆண்களும் பெண்களுமாக ஒரு டஜன் பேர் ஷூவை அவிழ்த்து வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முழங்காலில் பட்டை, ஒருவர் கையில் தண்ணீர்ப் பாட்டில். விசிலம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"நேத்து உங்களுக்குப் போட்டுக் காட்டின வீடியோ இவரோடதுதான்."

எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க, என்னால முடிஞ்சது..."

"இருங்க" என்றார் விசிலம்மா. "இந்த வேகத்தை யார் வெச்சாங்க தெரியுமா? நான்தான். எனக்கு நாப்பது வயசுல. அப்ப இங்க இருக்கிற எல்லாருக்கும் அந்த வயசுதான். அப்புறம் யாரும் குறைக்கச் சொல்லல. எனக்கு மூச்சு வாங்கும். இவங்க எல்லாம் சமாளிக்கிறாங்களே, நான் போய் எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

"நான் உங்களைப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்" என்றார் முழங்காலில் பட்டை கட்டியவர்.

"நான் உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு" என்று தண்ணீர்ப் பாட்டில் அம்மாள் சொன்னார். "வீட்டுக்குப் போய் வெந்நீர்ல காலை வெச்சுட்டு, நாளைக்குப் போய் விலகிடறேன்னு சொல்லிடணும்னு தினமும் நினைப்பேன். வெளியூர் போனாரே, அவரு மகனோடயா போனாரு? முட்டி தாங்கல, அதான் போனாரு. எனக்குத் தெரியும்."

கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. அழுகையும் இருந்ததோ என்னவோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணும் நன்றாக இல்லை. இத்தனை வருடமாக ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக ஓடியிருக்கிறார்கள்.

விசிலம்மா என்னிடம் பாட்டைப் போடச் சொன்னார். எல்லோரும் ஷூ மாட்டினார்கள். மாமாவை வரிசையில் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். என் பாட்டு அந்தக் கூடத்தில் முழங்கியது, அத்தனை தகடுகளும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. கால் மாற்றுகிற இடம் வந்தது. அண்ணி என் கையைப் பிடித்து நசுக்கினாள். வரிசை முழுதும் அந்த இடத்தைத் தாண்டியது, மாமாவும் தாண்டினார். எல்லோருடைய குதிகாலும் லேசாக உரசின சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பாவைப் போய் வேகமா ஆக்கப் பாத்தேனே" என்று அண்ணி என் தோளில் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவையாக, பஞ்சு இல்லாமலேயே.

பாட்டு முடிந்ததும் விசிலம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் வந்தார். எடுத்துக்கொண்டோம், வாழ்த்துக்கள் என்று எதுவும் சொல்லவில்லை.

"காலையில சீக்கிரம் கிளம்பிடுவோம். வேன்ல உங்களுக்கு முன் சீட்டா, பின் சீட்டா?"

மாமா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"எந்த சீட்டானாலும் சரி" என்றார் கடைசியில். "நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுத்துடாதீங்க."

"உங்களை விட்டுட்டு எப்படிங்க எடுப்போம்?" என்றார் விசிலம்மா.